கிரகாம் பெல்லும் காது கேளாதோரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெலிபோன் என்றால் நம் எல்லோருக்கும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் நினைவுக்கு வருவார். காது கேளாதோர் கூடும் இடத்தில் அதே பெயரைச் சொன்னால் முகம் மாறும். காரணம் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பவை இரண்டு கதைகள்: ஒன்று அவரைத் தெய்வமாக்கும், மற்றது அரக்கனாக்கும். இரண்டிலும் பிசகு உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். 'செவிடு', 'ஊமை' என்ற சொற்களை அந்தச் சமூகம் ஏற்பதில்லை என்பதால் இங்கே அவை வரா.

1. போன் கண்டுபிடிச்சவர்தானே பெல்? அவருக்கும் காது கேளாதவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

அவர் தொழிலே அதுதான். 1847இல் எடின்பரோவில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்கள். 1868இல் லண்டனில் ஒரு சிறு பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். தம்பியும் அண்ணனும் காசநோயில் அடுத்தடுத்து இறந்ததும் 1870இல் குடும்பம் கனடாவுக்குப் போனது. மறு ஆண்டே பெல் பாஸ்டனில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். டெலிபோன் காப்புரிமை கிடைத்தது 1876 மார்ச் 7இல்தான். அதன் பிறகும் தன் தொழிலைக் கேட்டால் 'காது கேளாதோருக்கு ஆசிரியர்' என்றே சொல்லிக்கொண்டார்.

டெலிபோன் ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட இருவருமே அவரிடம் படித்த காது கேளாத பிள்ளைகளின் தகப்பன்மார். ஒருவர் தோல் வியாபாரி தாமஸ் சாண்டர்ஸ். அவருடைய சிறு மகன் ஜார்ஜுக்குப் பெல் ஒரு கையுறை செய்து கொடுத்தார். அதில் எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கும். எழுத்தைத் தொட்டுத் தொட்டு வார்த்தை சொல்லலாம். மற்றவர் வழக்கறிஞர் கார்டினர் ஹப்பர்ட். அவர் மகள் மேபலைத்தான் பெல் 1877இல் கல்யாணம் செய்துகொண்டார்.

2. அம்மாவுக்கும் காது கேக்காது, மனைவிக்கும் கேக்காது. அப்படிப்பட்டவர் எப்படி எதிரி ஆவார்?

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அம்மா எலைசா பேசுவார், பியானோ வாசிப்பார், காதுக்குழல் வைத்துக்கொள்வார். பெல் அவருடைய நெற்றியருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவார். இரு கை விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டும் விரல் எழுத்திலும் சொல்வார். மேபலுக்கு ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போனது. அதற்குள் அவர் நன்றாகப் பேசக் கற்றிருந்தார். வசதியான வீடு, தனி ஆசிரியை, ஓயாமல் பேச்சுக் கொடுக்கும் தாய். உதட்டசைவைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேரெடுத்தார்.

ஐந்து வயதுக்குள் தாய்மொழி மூளையில் ஊன்றிய குழந்தை வேறு, பிறந்தது முதலே ஒரு சொல்லும் காதில் விழாத குழந்தை வேறு. பெல்லின் வீட்டில் இருந்தது முதல் வகை, அதிலும் மிக அபூர்வமான உதாரணம். அதை எல்லாக் குழந்தைக்கும் அளவுகோலாக வைத்தார். அவர் மனதில் வெறுப்பு இருந்ததாகக் காட்ட ஆதாரம் கிடையாது. அன்போடு செய்தார் என்பதற்காகச் செய்தது சரியாகிவிடாது, அவ்வளவுதான்.

3. வாய்பேச்சு முறைன்னா என்ன? காதே கேக்காத குழந்தைக்குப் பேச்சு எப்படிச் சொல்லிக் கொடுப்பாங்க?

சைகையை அறவே விலக்கிவிட்டு, உதட்டசைவைப் படிக்கவும் குரலால் பேசவும் மட்டும் பழக்குவதே வாய்பேச்சு முறை. பாடம் தொடுதலிலும் பார்த்தலிலும் நடக்கும். 'ப' சொல்லும்போது வாய்முன் பிடித்த காகிதத் துண்டு படபடக்கும். 'ம' சொன்னால் காகிதம் அசையாது. மூக்கின்மேல் வைத்த விரலில் அதிர்வு தெரியும். தொண்டையில் கை வைத்தால் குரல் நாண் அதிர்கிறதா என்று தெரியும். கண்ணாடி முன் உட்கார்ந்து ஆசிரியரின் வாயையும் தன் வாயையும் ஒப்பிட வேண்டும். 'க' உள்ளே பிறக்கும் ஒலி, கண்ணாடியில் தெரியாது. அதற்கு நாக்கின் நுனியைத் தட்டைக் குச்சியால் அழுத்திப் பிடித்துப் பின்நாக்கை எழும்பச் செய்வார்கள்.

பெல் கூடுதலாகக் கொண்டுவந்தது அப்பா மெல்வில் பெல் 1867இல் வெளியிட்ட 'காணும் பேச்சு' என்ற குறியீட்டு எழுத்து. ஒவ்வொரு குறியும் வாயின் படம். பின்நாக்கு ஒலிக்கு ஒரு பக்கம் திறந்த வளைவு, இதழ் ஒலிக்கு எதிர்ப்பக்கம் திறந்த வளைவு, உள்ளே சிறு கோடு இருந்தால் குரல் சேர வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் நாக்கை எங்கே வைப்பது என்று குறி சொல்லுமே தவிர, வந்த ஒலி சரியா என்று குழந்தைக்குச் சொல்லாது. அதை ஆசிரியர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொண்டையை இறுக்கிப் பேசிப் பேசிக் குரல் கீச்சிடும். ஏற்ற இறக்கம் வராது. ஒரு சொல் தேற வாரக்கணக்காகும். அந்த நேரத்தில் கணக்கு, வரலாறு, கதை எதுவும் நடக்காது. பத்து வருடம் படித்தும் வெளியாருக்குப் புரியாத நூறு சொற்களோடு வெளியே வந்தவர்கள் ஏராளம். பல பள்ளிகளில் கையை அசைத்தால் அடி. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வைத்தார்கள்.

4. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சுக்கலாம்னு சொல்றாங்களே?

கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சொல்லிப் பாருங்கள். பிறகு 'பாடம்', 'மாடம்'. உதடு ஒரே மாதிரிதான் அசையும். 'பணம்', 'மணம்', 'மனம்' மூன்றும் அப்படியே. ஆங்கிலத்திலும் பாதிக்கு மேற்பட்ட ஒலிகள் உதட்டில் பிரித்தறிய முடியாதவை.

மீதியை ஊகத்தால் நிரப்ப வேண்டும். மொழி ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஊகம் கைகொடுக்கும். மேபல் ஜெயித்தது இதனால்தான். மொழியையே இந்த வழியாகக் கற்க வேண்டிய குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

5. 1880 மிலான் மாநாட்டுல சைகை மொழியைத் தடை பண்ணினது பெல்தானே?

இல்லை. பெல் மிலானுக்குப் போகவே இல்லை. காது கேளாதோர் கல்வி பற்றி 1880 செப்டம்பரில் இத்தாலியில் கூடிய அந்த மாநாட்டில் பெரும்பான்மையோர் இத்தாலிய, பிரெஞ்சு ஆசிரியர்கள். பிரதிநிதிகளில் காது கேளாதவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன் ஒருவர்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வாய்பேச்சே மேல் என்ற முதல் தீர்மானம் 160க்கு 4 என்று நிறைவேறியது. எதிர்த்த விரல்விட்டு எண்ணும் சிலரில் அமெரிக்கர்களே அதிகம்.

அமெரிக்காவில் அந்தக் காற்றுக்குப் பாய் விரித்தவர் பெல். டெலிபோன் புகழும், 1880இல் பிரான்ஸ் அரசு கொடுத்த வோல்டா பரிசான 50,000 பிராங்கும் அவரிடம் இருந்தன. பரிசுப் பணத்தில் ஆராய்ச்சிக்கூடம், அதன் வருமானத்தில் 1887இல் காது கேளாமை பற்றிய தகவல்களைத் திரட்டும் வோல்டா பீரோ, 1890இல் பேச்சுப் பயிற்சியைப் பரப்பும் சங்கம் என்று அடுத்தடுத்துத் தொடங்கினார். 1870இல் அமெரிக்கப் பள்ளிகளில் பத்து ஆசிரியர்களில் நான்கு பேராவது காது கேளாதவர். 1917இல் அது ஏழில் ஒருவர் என்று சுருங்கியது. மிலான் தீர்மானங்களை ஏற்க மறுத்து அதே மாநாட்டு மரபின் வாரிசுகள் வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில்.

6. காது கேளாதவங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்தாராமே?

சட்டம் எதுவும் வரவில்லை, அவர் கேட்கவும் இல்லை. 1883 நவம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் ஒரு நீண்ட கட்டுரை வாசித்தார். மனித இனத்தில் காது கேளாத ஒரு தனி வகை உருவாகிவிடும் என்பது அதன் எச்சரிக்கை. பள்ளிப் பதிவேடுகளில் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதை எண்ணிக் காட்டினார். அவர் போட்ட சங்கிலி இது: தனி விடுதிப் பள்ளி, அதனால் சைகை மொழி, அதனால் தனிச் சங்கங்களும் பத்திரிகைகளும், அதனால் தங்களுக்குள் கல்யாணம், அதனால் காது கேளாத பிள்ளைகள்.

தடைச் சட்டத்தைப் பற்றியும் அதில் யோசிக்கிறார். நடைமுறைக்கு ஒவ்வாது, பிறவியிலேயே வந்ததா என்று நிரூபிப்பது கஷ்டம், ஒழுக்கக்கேட்டுக்கும் வழி வைக்கும் என்று ஒதுக்கிவிட்டு, சங்கிலியின் முன்கண்ணிகளை அறுக்கச் சொல்கிறார்: விடுதிப் பள்ளிகளைக் குறை, சைகையை விலக்கு, காது கேளாத ஆசிரியர்களை வைக்காதே. எங்கள் கணிப்பில், 'கல்யாணத் தடை' என்ற பொய்க் குற்றச்சாட்டைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் இந்த உண்மைக் குற்றச்சாட்டைத் தவறவிடுகிறார்கள். கல்யாணத்தை யாரும் நிறுத்தவில்லை. மொழியும் வேலையும் பறிபோயின.

1891இல் வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரி மாணவர்கள் முன் இதே பேச்சை மென்மையாகப் பேசினார். யாரை வேண்டுமானாலும் மணந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று தொடங்கி, பிறக்கப்போகும் பிள்ளையை நினையுங்கள் என்று முடித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அந்தக் கல்லூரியிலேயே வருங்காலத் துணை இருந்திருக்கும்.

7. அப்போ அந்தப் பரம்பரைக் கணக்கு சரியா, தப்பா?

பெரும்பகுதி தப்பு. பெற்றோரின் பண்புகள் பிள்ளைக்கு எப்படி வருகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது 1900இல். 1883இல் பெல்லுக்குத் தெரிய வழியில்லை. கேட்கும் திறனைப் பாதிக்கும் மரபணுக்கள் நூற்றுக்கு மேல். பெரும்பாலானவை ஒடுங்கு வகை, அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அதே மரபணுவில் பழுது வந்தால்தான் பிள்ளையைப் பாதிக்கும். கணவனுக்கு ஒரு மரபணு, மனைவிக்கு வேறு மரபணு என்றால் பிள்ளைகள் பொதுவாகக் கேட்கும் திறனோடு பிறப்பார்கள். காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவருக்கோ கடத்தவே எதுவும் இல்லை. காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள்.

பெல்லின் காசிலேயே இதற்குப் பதில் வந்தது. வோல்டா பீரோ உதவியோடு எட்வர்ட் ஆலன் ஃபே என்ற ஆய்வாளர் சுமார் 4,500 கல்யாணங்களைத் திரட்டி 1898இல் வெளியிட்டார். இருவரும் காது கேளாதவராக இருந்த கல்யாணங்களில் காது கேளாத பிள்ளை பிறந்தவை பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஒருவருக்கு மட்டும் கேட்காத கல்யாணங்களில் விகிதம் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. உறவினரில் யாருக்காவது கேட்காமல் இருக்கிறதா என்பதே முக்கியம் என்று தெரிந்தது.

ஒரு நுணுக்கம்: கனெக்சின் 26 என்ற மரபணுவால் வரும் வகை மட்டும், காது கேளாதோர் தங்களுக்குள் மணந்ததால் அமெரிக்காவில் சற்றுப் பெருகியிருக்கலாம் என்று பிற்கால மரபியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பெல் சொன்னது முழுக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. ஆனால் 'தனி இனம்' எங்கும் உருவாகவில்லை.

8. மார்தாஸ் வைன்யார்ட் தீவுன்னு ஒண்ணு அடிக்கடி சொல்றாங்களே, அது என்ன?

மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள தீவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே 155 பேரில் ஒருவருக்குக் காது கேட்காது. அமெரிக்காவில் பொதுவாக ஏறக்குறைய 5,700க்கு ஒருவர். தீவின் சில்மார்க் ஊரில் 25க்கு ஒருவர். அதனால் கேட்பவர்களும் சைகை பேசினார்கள். மீன்பிடி படகுக்குப் படகு கையாலேயே சேதி போகும். யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பெல் அங்கே போய்க் குடும்ப மரங்களை வரைந்தார். காது கேளாத ஒருவருக்கு எல்லாப் பிள்ளையும் ஏன் அப்படிப் பிறக்கவில்லை என்ற முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. காரணம் மேலே 7இல் இருக்கிறது. அவர் தேடிப்போனது ரத்தக் கணக்கை. ஊரே இரண்டு மொழி பேசினால் பிரச்சினையே இல்லை என்ற விடை கண்முன் நின்றது, அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

9. பெல் யூஜெனிக்ஸ் ஆளா? கட்டாயக் கருத்தடை வழக்குல அவர் பேர் இருக்கே?

யார் பிள்ளை பெறலாம் என்று தேர்ந்து மனித இனத்தை உயர்த்தலாம் என்ற யூஜெனிக்ஸ், அதாவது இனமேம்பாட்டு இயக்கத்தில் இருந்தார் என்பது உண்மை. அமெரிக்க இனப்பெருக்கச் சங்கம் 1906இல் அமைத்த யூஜெனிக்ஸ் குழுவில் உறுப்பினர். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் யூஜெனிக்ஸ் பதிவகத்தின் அறிவியல் குழுத் தலைவர். 1921இல் நியூயார்க்கில் நடந்த இரண்டாம் உலக யூஜெனிக்ஸ் மாநாட்டின் கௌரவத் தலைவர். தன் பண்ணையில் பல காம்புள்ள ஆடுகளையும் இரட்டைக் குட்டி போடும் ஆடுகளையும் உருவாக்கப் பல பத்தாண்டு செலவிட்டவர்; மனிதரையும் அந்தக் கண்ணோடு பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் சாய்வு நல்ல குணங்களைப் பெருக்குவதன் பக்கம். கட்டாயக் கருத்தடைக்கு அவர் கொடி பிடிக்கவில்லை.

1927இல் கட்டாயக் கருத்தடையைச் சரி என்று சொன்ன 'பக் எதிர் பெல்' தீர்ப்பில் வரும் பெல், வர்ஜீனியா விடுதி ஒன்றின் மேற்பார்வையாளர் ஜான் பெல். நம்மவர் 1922லேயே காலமாகிவிட்டார்.

10. அவருக்குச் சைகை மொழியே தெரியாதுன்னு கேள்விப்பட்டேன்.

தெரியும். விரல் எழுத்தில் வேகமானவர், சைகையும் புரியும். அழகான மொழி என்று ஒத்துக்கொள்ளவும் செய்தார். அவருடைய வாதமே, குழந்தைக்குச் சைகை எளிதாக வந்துவிடும், வந்துவிட்டால் பேச்சைக் கற்க மெனக்கெடாது என்பதுதான். எளிதாக வருவதே தாய்மொழியின் லட்சணம் என்று மற்ற எந்தக் குழந்தைக்கும் நாம் சொல்வோம். சைகை மொழிக்கும் சொல்லமைப்பு, இலக்கணம் எல்லாம் உண்டு என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி எழுத்தில் காட்டியது 1960இல்.

11. டெலிபோனையே காது கேளாதவங்களுக்காகத்தான் கண்டுபிடிச்சாராமே?

வேர் அங்கே இருக்கிறது என்று சொல்லலாம். 1874இல் இறந்தவர் ஒருவரின் காதைப் பொருத்தி, பேச்சலையைப் புகை பிடித்த கண்ணாடியில் கீறும் கருவி ஒன்றைச் செய்தார். மாணவர்கள் ஒலியைக் கண்ணால் பார்க்கட்டும் என்ற நோக்கம். மெல்லிய சவ்வு எலும்புகளை அசைக்கும் விதத்தைப் பார்த்துத்தான் டெலிபோன் தகட்டுக்கு யோசனை வந்தது.

ஆனால் வந்து சேர்ந்த கருவி காது கேளாதோரை வெளியே நிறுத்தியது. வேலை, டாக்டர், போலீஸ் எல்லாம் போனுக்குள் போய்விட, அவர்கள் அக்கம்பக்கத்தாரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. 1964இல்தான் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர் வழி கண்டார். கழித்துப் போட்ட பழைய டெலிபிரிண்டரை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் 1,400, 1,800 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளின் வரிசையாக மாற்றி, ரிசீவரைப் பொருத்தும் குழிகள் வழியே லைனில் அனுப்பினார். எதிர்முனையில் எழுத்தாக அச்சாகும். பெல்லின் கருவி அந்தச் சமூகத்துக்குப் பயன்பட 88 ஆண்டு ஆனது.

12. ஹெலன் கெல்லர் அவரை அவ்வளவு கொண்டாடினாரே?

நியாயமாகவே. 1886இல் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஆறு வயது ஹெலனை அப்பா பெல்லிடம் அழைத்து வந்தார். பெல் காட்டிய வழியில்தான் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியும், 1887 மார்ச்சில் ஆசிரியை ஆன் சல்லிவனும் கிடைத்தார்கள். ஹெலன் தன் வாழ்க்கைக் கதையை அவருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் அந்தக் குழந்தைக்கு மொழி நுழைந்தது உள்ளங்கையில் எழுதிய விரல் எழுத்து வழியாக. பேச்சுப் பயிற்சி வந்தது அதற்குப் பிறகு.

13. அந்தக் காலத்து மனுஷரை இன்னைக்கு அளவுகோல்ல அளக்கலாமா?

அந்தக் காலத்து அளவுகோலே இருந்ததே. எட்வர்ட் மைனர் காலடெட் பெல்லின் சமகாலத்தவர், அவருடைய தாயும் காது கேளாதவர். சைகையும் பேச்சும் சேர்ந்த முறையை அவர் நடத்தினார். 1891இல் அவர் நடத்திய அந்த வாஷிங்டன் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு தொடங்க அரசுப் பணம் கேட்டபோது, காது கேளாதோர் ஆசிரியராகிவிடுவார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் நின்று எதிர்த்தவர் பெல். அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கத் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், நண்பன் வேடத்தில் வரும் இவரே நாம் மிகவும் அஞ்ச வேண்டியவர் என்ற பொருளில் எழுதினார். சைகை மொழி அழிந்துவிடும் என்ற பயத்தில் 1913இல் அதைச் சினிமாச் சுருளில் பதிவும் செய்தார். பாதிக்கப்பட்டவர்கள் அப்போதே சொன்னார்கள்; பெல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

14. இப்ப காக்ளியர் இம்பிளான்ட் இருக்கே, இன்னும் இந்தப் பழைய சண்டை எதுக்கு?

காக்ளியர் இம்பிளான்ட் என்பது அறுவை சிகிச்சையால் உட்காதில் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி. கருவி மாறியிருக்கிறது, அறிவுரை சில இடங்களில் மாறவில்லை. அறுவை சிகிச்சை முடிந்ததும் 'கை காட்டாதீர்கள், பிள்ளை பேச மாட்டான்' என்று பெற்றோரிடம் சொல்லும் பழக்கம் 10இல் பார்த்த அதே வாதம். கருவி பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்குச் செய்வதில்லை, எந்தக் குழந்தைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொருத்தும் வரையும், பயிற்சி பலன் தரும் வரையும் மாதங்களும் வருடங்களும் போகும். முதல் சில வருடம் மொழியே இல்லாமல் போனால் பிறகு எந்த மொழியும் முழுதாக ஒட்டாது. சைகை தெரிந்த குழந்தை பேச்சையும் கற்கலாம், இரண்டும் மோதுவதில்லை.

இந்தியாவிலும் பல பள்ளிகளில் வகுப்பறையில் வாய்பேச்சு, விடுதியில் சைகை என்ற இரட்டை வாழ்க்கைதான் நீண்ட காலம் ஓடியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்பு வழியாக ஏற்றுப் பெயர் சொல்கிறது. இந்தியச் சைகை மொழி அகராதி 2021இல் 10,000 சொல்லைத் தொட்டது.

15. டெசிபல்ங்கிறது இவர் பேர்தானா?

ஆமாம். ஒலி அளவின் அலகு 'பெல்'. அதில் பத்தில் ஒன்று டெசிபல். 1879இல் கேட்கும் திறனை அளக்க ஒரு கருவியும் செய்தவர் அவர். குழந்தையின் காதைச் சோதித்துக் கொடுக்கும் ஆடியோகிராம் தாளில் இடப்பக்கம் மேலிருந்து கீழே ஓடும் எண்கள் இந்த அலகில்தான். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே 30இல் கேட்கும் குழந்தைக்கும் 90இல் மட்டும் கேட்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பது மூன்று மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள், பத்து லட்சம் மடங்கு.